'பிறகு பார்க்கலாம்' என்றவர்களுக்கு நடுவே: சைமன் இன்கோலியின் அரசியல்

பெண்கள் பிரச்சினையைப் பொது இயக்கங்களுக்குள் பேசிய எவருக்கும் ஒரு பதில் பழக்கமாகியிருக்கும். "நீங்கள் சொல்வது சரிதான் தோழர், ஆனால் முதலில் பெரிய போராட்டம் முடியட்டும்." கல்லூரி நாள்களிலிருந்து இந்தப் பதிலை நான் எத்தனையோ கூட்டங்களில் கேட்டுவிட்டேன். வரதட்சணையோ, வீட்டு வன்முறையோ, இயக்கத்துக்குள்ளேயே நடக்கும் சீண்டலோ, எதை எடுத்தாலும் 'பிறகு பார்க்கலாம்'. அந்தப் 'பிறகு' எப்போது வரும் என்று கேட்டால், பிளவு உண்டாக்குகிறாள் என்ற பெயர் வரும்.

தென்னாப்பிரிக்க விடுதலை வரலாற்றை வாசிக்கும்போது சைமன் இன்கோலி என்ற பெயரில் நான் நின்றுவிட்டதற்குக் காரணம் இதுதான். நிறவெறி அரசை எதிர்த்ததற்காகத் தேசத்துரோக வழக்கில் நிறுத்தப்பட்டவர் அவர். தான் தன்பாலீர்ப்பாளர் என்பதையும், பின்னர் தன் உடலில் எச்.ஐ.வி. இருப்பதையும் வெளிப்படையாகச் சொன்ன கறுப்பினப் போராளி. இந்த மூன்றையும் வரிசைப்படுத்தச் சொன்னார்கள். முதலில் எது, பிறகு எது என்று கேட்டார்கள். அவர் வரிசைப்படுத்த மறுத்தார். அந்த மறுப்பின் வரலாறு பெண்களாகிய நமக்கும் சொந்தமானது என்று நினைக்கிறேன்.

சைமன் 1957 நவம்பர் 26 அன்று சொவேட்டோவில் பிறந்தார். கறுப்பின மக்கள் எங்கே வசிக்கலாம், எந்த ஊருக்குள் எத்தனை நாள் தங்கலாம் என்பதையெல்லாம் 'பாஸ்' சட்டங்கள் தீர்மானித்த காலம் அது. உரிய அனுமதி இல்லாமல் ஒரு வீட்டில் தங்கினால் நள்ளிரவில்கூடப் போலீஸ் வந்து கதவைத் தட்டும். சிறுவனாக இருந்தபோது அப்படி ஒருமுறை போலீஸ் வந்தது. தன் தாயையும் வளர்ப்புத் தந்தையையும் துணி அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, அவர்கள் வீட்டில் இல்லை என்று சொல்லிச் சமாளித்ததைச் சைமன் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில், தன் பாலீர்ப்பை மறைத்து வாழ்பவரை அலமாரிக்குள் இருப்பவர் என்று சொல்வது வழக்கம். பெற்றோரை ஒளித்துவைத்த அலமாரியும் தன்னை ஒளிந்திருக்கச் சொன்ன அலமாரியும் ஒன்றுதான் என்பது அவருடைய முடிவு. மனிதர்களை வீட்டுக்குள்ளேயே ஒளியவைக்கும் அதிகாரம், ஆளுக்கொரு சட்டத்தை வைத்துக்கொண்டு ஒரே வேலையைத்தான் செய்கிறது.

இருபது வயதையொட்டி அவருக்கு ஒரு வெள்ளை இளைஞனோடு காதல் வந்தது. விஷயம் தெரிந்ததும் தாய் எலிசபெத், 'சங்கோமா' எனப்படும் மரபு வைத்தியர்களிடம் மகனை அழைத்துப்போனார். பாதிரியாரிடமும் மனநல ஆலோசகரிடமும் போனார். எந்த ஊர்த் தாய்க்கும் தோன்றக்கூடியதுதான். எதுவும் 'குணமாக்கவில்லை'. காலப்போக்கில் அவர் மகனை ஏற்றுக்கொண்டார். அந்த நாட்டில் இந்தக் காதல் இரட்டைக் குற்றம். வேற்று இனத்தவரோடு உறவு கொள்வதை ஒரு சட்டம் தடுத்தது. ஆணும் ஆணும் உறவு கொள்வதை இன்னொரு சட்டம் தண்டித்தது.

இதற்கிடையில் அவர் காசாஸ் எனப்பட்ட தென்னாப்பிரிக்க மாணவர் காங்கிரஸில் பொறுப்பு வகித்துவந்தார். அவர் தன்பாலீர்ப்பாளர் என்பது தெரிந்ததும், அவர் பொறுப்பில் தொடரலாமா என்ற விவாதம் அங்கே எழுந்தது. வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பான்மையோர் அவர் தொடரட்டும் என்றார்கள். ஒருவர் யாரை நேசிக்கிறார் என்பதை வாக்குக்கு விட்டதே வேதனையான செய்தி. ஆனாலும் அந்த இளைஞர்கள் அளித்த விடையை வரலாறு குறித்துவைக்க வேண்டும்.

1983இல் அவர் காசா என்ற தன்பாலீர்ப்பாளர் சங்கத்தில் சேர்ந்தார். அதன் உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். அரசியல் பேசமாட்டோம் என்பது அவர்கள் கொள்கை. சங்கத்தின் நிகழ்ச்சிகள் நடந்த இடங்களில் கறுப்பினத்தவரால் சுதந்திரமாக நுழைய முடியாதபோது, அரசியல் பேசாமல் இருப்பது யாருக்கு வசதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1984இல் சைமன் கறுப்பின உறுப்பினர்களுக்கென்று 'சனிக்கிழமைக் குழு'வைத் தொடங்கினார்.

அதே ஆண்டு செப்டம்பர் 3 அன்று, ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே வால் பகுதியின் டவுன்ஷிப்புகளில் வாடகை உயர்வை எதிர்த்து மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். சைமன் வாழ்ந்த செபோகெங்கும் அவற்றில் ஒன்று. பலர் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்களின் சவ ஊர்வலங்கள் புதிய போராட்டங்களாயின. அப்படியொரு ஊர்வலத்தை ஒட்டிச் சைமன் கைதானார். மாதக்கணக்கில் விசாரணையின்றிச் சிறையில் இருந்தபின், 22 பேரில் ஒருவராகத் தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டார். வழக்கு நடந்த சிறு நகரத்தின் பெயரால் அது டெல்மாஸ் வழக்கு எனப்பட்டது. போபோ மொலெஃபே, 'டெரர்' லெகோட்டா முதலிய ஐக்கிய ஜனநாயக முன்னணித் தலைவர்கள் உடன் குற்றம் சாட்டப்பட்டிருந்தார்கள். குற்றம் உறுதியானால் தூக்குத் தண்டனைவரை போகலாம்.

சிறைக்குள்தான் அந்தப் பழைய வாக்கியம் மீண்டும் வந்தது. கைதிகளுக்கிடையே ஆண்–ஆண் உறவு பற்றி ஒரு பேச்சு எழுந்து, தோழர்கள் அதை இழிவாகப் பேசியபோது, சைமன் தான் யாரென்று சொல்லிவிட்டார். சிலர் அதிர்ந்தார்கள். அவரோடு ஒரே வழக்கில் நிற்க வேண்டாம், அவரைத் தனியாக விசாரிக்கட்டும் என்றுகூடச் சிலர் கருதினார்கள். அரசுத் தரப்பு இதை ஆயுதமாக்கும், இயக்கத்தின் பெயர் கெடும் என்பது அவர்களுடைய அச்சம். பாலியல் கொடுமை பற்றிப் பேச வந்த பெண்ணிடம் 'இயக்கத்தின் பெயர் கெடும்' என்று சொல்வதை நேரில் பார்த்தவளாக இந்தப் பகுதியை என்னால் விலகி நின்று வாசிக்க முடிந்ததில்லை.

நீண்ட வாக்குவாதங்களுக்குப் பின் எல்லோரும் ஒன்றாகவே நிற்பதென்று முடிவானது. சாப்பாடு, சிறை, தூக்குக்கயிறு பற்றிய பயம் எல்லாவற்றையும் பகிர்ந்துகொண்ட ஒருவரை, விடுதலைக்குப் பிறகு எப்படி ஒதுக்கிவைக்க முடியும்? லெகோட்டா பின்னாளில் இதே பொருளில் பேசியிருக்கிறார். சைமனிடமிருந்து தாங்கள் கற்றுக்கொண்டதை அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தோழர்களை மாற்றியவை கோட்பாட்டு நூல்களல்ல. ஆண்டுக்கணக்கில் அதே குற்றவாளிக் கூண்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதர்தான்.

வெள்ளையர்கள் நடத்திய காசாவோ, இது அரசியல் வழக்கு என்று கைவிரித்தது. வெளிநாடுகளிலிருந்த தன்பாலீர்ப்பாளர் குழுக்களும் நிறவெறி எதிர்ப்பாளர்களும் அவருக்கு ஆதரவு திரட்டினார்கள். கனடாவின் டொராண்டோவில் அவர் பெயரிலேயே ஒரு குழு இயங்கியது. சைமனைக் கைவிட்ட காசா சர்வதேச அரங்கில் தனிமைப்பட்டது. ஒரு பக்கம் 'முதலில் இனவிடுதலை' என்றவர்கள், மறுபக்கம் 'அரசியல் வேண்டாம், பாலீர்ப்பு மட்டும்' என்றவர்கள். இரண்டு பக்கமும் அவரில் பாதியை மட்டுமே கேட்டன.

1987இல் அவருக்குப் பிணை கிடைத்தது. 1988 நவம்பரில் வந்த தீர்ப்பில் 11 பேர் தண்டிக்கப்பட்டார்கள், சைமன் விடுதலையானார். மற்றவர்களின் தண்டனையையும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1989 டிசம்பரில் ரத்து செய்தது.

இந்த இடத்தில் ஒரு பெண் தலைவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1956 ஆகஸ்ட் 9 அன்று பாஸ் சட்டத்தை எதிர்த்து ஏறத்தாழ 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் அரசு மாளிகைக்கு அணிவகுத்துப் போனார்கள். அதன் அமைப்பாளர்களில் ஒருவர் ரூத் மொம்பாட்டி. 1987இல் லண்டனில் ஒரு நேர்காணலில், தன்பாலீர்ப்பாளர்களுக்கு நல்ல வீடும் உணவும் இருக்கின்றன, அவர்களுக்கென்று தனியே என்ன உரிமை வேண்டியிருக்கிறது என்ற பொருளில் அவர் பேசினார். சைமன் அப்போது தேசத்துரோக வழக்கை எதிர்கொண்டிருந்தார். கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்த ஆண்டு இறுதிக்குள், ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் எந்தப் பாகுபாட்டையும் ஏற்காது, தன்பாலீர்ப்பாளர் உரிமையும் அதில் அடங்கும் என்று கட்சியின் சார்பில் தாபோ உம்பெக்கி கடிதம் எழுதினார். ஒரு ஒடுக்குமுறையை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களுக்கு இன்னொரு ஒடுக்குமுறை கண்ணில் படாமல் போகலாம். பெண்கள் இயக்கமும் இதற்கு விலக்கில்லை. உம்பெக்கியின் பெயரையும் நினைவில் வையுங்கள். அவர் மீண்டும் வருவார்.

1988இல் சைமன் குளோ என்ற அமைப்பைத் தொடங்கினார். விட்வாட்டர்ஸ்ராண்ட் வட்டாரத்து கே, லெஸ்பியன் மக்களின் அமைப்பு. இனப்பாகுபாடின்றி எல்லோரும் சேரலாம். கிளைகள் டவுன்ஷிப்புகளிலும் இருந்தன. அவரோடு நின்ற முன்னோடிகளில் ஒருவர் சொவேட்டோவைச் சேர்ந்த இளம் பெண், பெவர்லி பலேசா டிட்சி. 1990 அக்டோபர் 13 அன்று ஜோகன்னஸ்பர்க் தெருக்களில் குளோ நடத்திய அணிவகுப்பு, ஆப்பிரிக்கக் கண்டத்தின் முதல் பிரைடு ஊர்வலம் என்று குறிக்கப்படுகிறது. ஏறத்தாழ 800 பேர் நடந்தார்கள். வேலை போய்விடும், வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சிய சிலர் காகிதப் பைகளில் கண்ணுக்கு ஓட்டை போட்டுத் தலையில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். கறுப்பினத்தவன் என்பதையும் கே என்பதையும் முதன்மை, இரண்டாம்பட்சம் என்று தன்னால் பிரிக்க முடியாது, இரண்டும் ஒரே போராட்டம் என்று சைமன் அன்று பேசினார். டிட்சியும் பேசினார்.

ஆண்கள் முன்னின்ற அந்த இயக்கத்துக்குள் பெண்களின் இடம் எது என்ற கேள்வியை டிட்சி விடாமல் எழுப்பினார். 1995இல் பெய்ஜிங்கில் நடந்த ஐ.நா.வின் நான்காவது உலகப் பெண்கள் மாநாட்டில், லெஸ்பியன் பெண்களின் உரிமையும் பெண்களின் உரிமையே என்று வாதாடியவர் அவர்தான். நிக்கி நியூமேனோடு சேர்ந்து அவர் எடுத்த 'சைமனும் நானும்' என்ற ஆவணப்படம் அந்த நட்பை, அதன் பிணக்குகளோடு சேர்த்தே காட்டுகிறது. சைமனைச் சிலையாக்கி நிறுத்தாமல், சண்டை போடக்கூடிய தோழராக நினைவுகூர ஒரு பெண்ணால் முடிந்திருக்கிறது. இந்தப் பார்வையை நம் தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகளிலும் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எய்ட்ஸ், வெள்ளைத் தன்பாலீர்ப்பாளர்களின் நோய் என்று தென்னாப்பிரிக்காவில் முதலில் பேசப்பட்டது. டவுன்ஷிப் மக்கள் தங்களுக்கு அதோடு தொடர்பில்லை என்று நம்பினார்கள். சைமன் டவுன்ஷிப் எய்ட்ஸ் திட்டத்தில் வேலை செய்து, மக்களின் மொழியில், ஆணுறை பற்றியும் பயம் பற்றியும் பேசினார். தன் உடலிலும் எச்.ஐ.வி. இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. எச்.ஐ.வி.யோடு வாழும் கறுப்பின ஆண்களுக்கென்று ஒரு குழுவையும் தொடங்கினார். பெண்கள் தரப்பில் புருடென்ஸ் மபேலே 1992இல் தன் நிலையை வெளிப்படையாகச் சொன்னார், 1996இல் எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்கான அமைப்பைத் தொடங்கினார்.

நோய் யாருடையது என்ற கேள்விக்கு எண்கள் விடை சொல்லின. அரசு மருத்துவமனைகளுக்கு வந்த கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில், 1990இல் எச்.ஐ.வி. தொற்று 1 சதவீதத்துக்கும் குறைவு. 1998இல் அது 22.8 சதவீதம். எட்டே ஆண்டுகளில், ஏறத்தாழ நான்கு கர்ப்பிணிகளில் ஒருவர். கணவன் ஊர்விட்டு ஊர் போய்ச் சுரங்கத்தில் வேலை செய்யும் குடும்பத்தில், ஆணுறை கேட்கும் துணிச்சல் மனைவிக்கு எங்கிருந்து வரும்? எய்ட்ஸ் அங்கே பெண்களின் நோயானது. காரணம் உடற்கூறு மட்டுமில்லை. மறுக்க முடியாத தாம்பத்தியமும்தான்.

சட்டமோ வேறு திசையில் வேகமாக முன்னேறியது. பாலீர்ப்பின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று அரசியலமைப்பிலேயே எழுதிய முதல் நாடு தென்னாப்பிரிக்கா. 1993இன் இடைக்கால அரசியலமைப்பிலும் 1996இன் இறுதி அரசியலமைப்பிலும் அந்தச் சொல் இடம்பெற்றது. அதற்காக இயங்கிய தேசியக் கூட்டமைப்பில் சைமனும் இருந்தார். 1998 அக்டோபர் 9 அன்று, ஆண்–ஆண் உறவைக் குற்றமாக்கிய சட்டங்களை அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாதவையாக்கியது. நம் நாட்டில் 377ஆம் பிரிவு பற்றி தில்லி உயர் நீதிமன்றம் 2009இல் அளித்த தீர்ப்பு இந்தத் தென்னாப்பிரிக்கத் தீர்ப்பை எடுத்தாண்டது.

அந்தத் தீர்ப்பு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1998 நவம்பர் 30 அன்று, உலக எய்ட்ஸ் நாளுக்கு முந்தைய தினம், சைமன் இறந்தார். ஏறக்குறைய 12 ஆண்டுகள் எச்.ஐ.வி.யோடு வாழ்ந்திருந்தார். வயது 41. பணக்கார நாடுகளில் 1996 முதல் கூட்டுமருந்துச் சிகிச்சை ஆயுளை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் விலை ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். சட்டம் அவரைச் சம குடிமகன் என்றது. உயிர் காக்கும் மருந்தில் அந்தச் சமத்துவம் இல்லை.

அவர் இறந்த மறுநாள், உலக எய்ட்ஸ் நாளில், டர்பனுக்கு அருகே குவாமாஷுவைச் சேர்ந்த குகு டிலாமினி என்ற பெண் தனக்கு எச்.ஐ.வி. இருப்பதைப் பகிரங்கமாகச் சொன்னார். சில நாள்களில் அவருடைய பகுதியைச் சேர்ந்தவர்களே அவரை அடித்துக் கொன்றார்கள். சைமன் வெளிப்படையாகப் பேசி ஆண்டுக்கணக்கில் வாழ முடிந்தது. ஓர் ஏழைக் கறுப்பினப் பெண்ணுக்கு அதே வெளிப்படைத்தன்மைக்கு விலை உயிர். இந்த இரண்டு மரணங்களையும் அருகருகே வைத்தே வாசிக்க வேண்டும்.

சைமன் மறைந்த பத்தாம் நாள், டிசம்பர் 10 அன்று, அவருடைய தோழர் சாக்கி அக்மத்தும் சிலரும் கேப் டவுனில் சிகிச்சைக்கான செயல் இயக்கத்தைத் தொடங்கினார்கள். அதன் முதல் கோரிக்கை, கர்ப்பிணிகளுக்கு மருந்து கொடுங்கள், தொற்று குழந்தைக்குப் போகாமல் தடுங்கள் என்பது. ஒரு தன்பாலீர்ப்பாளரின் மரணத்திலிருந்து வேகம் பெற்ற இயக்கம் கர்ப்பிணிகளிடமிருந்து தொடங்கியது. அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பினப் பெண்கள். குகு டிலாமினியின் கொலைக்குப் பின், 'எச்.ஐ.வி. பாசிட்டிவ்' என்று பெரிதாக எழுதிய டிஷர்ட்டைத் தொற்று உள்ளவரும் இல்லாதவரும் சேர்ந்தே அணிந்தார்கள். நெல்சன் மண்டேலாவும் 2002இல் அதை அணிந்தார்.

அவர்களுக்கு எதிரே நின்றவர், 1987இல் கடிதம் எழுதிய அதே உம்பெக்கி. அதிபரானபின் எச்.ஐ.வி.தான் எய்ட்ஸுக்குக் காரணமா என்றே அவர் சந்தேகம் கிளப்பினார். அவருடைய அரசு மருந்தைத் தாமதப்படுத்தியது. 2001இல் இந்தியாவின் சிப்ளா நிறுவனம் ஆண்டுக்கு 350 டாலருக்குக் கூட்டுமருந்து தர முன்வந்தபின், விலை என்ற சாக்கும் வலுவிழந்தது. 2002 ஜூலை 5 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம், கர்ப்பிணிகளுக்கு நெவிரபின் கொடுத்தாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அரசின் தாமதத்தால் 2000 முதல் 2005 வரை 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். 'பிறகு பார்க்கலாம்' என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு கணக்கு உண்டு.

ஒரே பாலினத்தவர் மணம் செய்ய வழிவகுத்த சட்டம் 2006 நவம்பர் 30 அன்று, சைமன் இறந்த அதே தேதியில், நடைமுறைக்கு வந்தது. 2008இல் தேசியப் பெண்கள் கால்பந்து அணிக்காக விளையாடிய, தன்னை லெஸ்பியன் என்று சொல்லி வாழ்ந்த யூடி சிமெலனே, குவாதெமா டவுன்ஷிப்பில் வன்புணர்ந்து கொல்லப்பட்டார். அவரைப்போல வேறு பெண்களும் கொல்லப்பட்டார்கள். 2012இல் ஜோகன்னஸ்பர்க் பிரைடு ஊர்வலத்தை 'ஒன்பதில் ஒருவர்' இயக்கத்தைச் சேர்ந்த கறுப்பினப் பெண்ணியவாதிகள் வழிமறித்துச் சாலையில் படுத்தார்கள். கொல்லப்பட்ட தோழிகளுக்காக ஒரு நிமிட மௌனம் கேட்டார்கள். கொண்டாட்டத்தின் அமைப்பாளர்கள் ஆத்திரப்பட்டார்கள், தள்ளுமுள்ளு நடந்தது. சைமன் தொடங்கிவைத்த ஊர்வலம், அவரைப் போன்றவர்களுக்கே இடைஞ்சலாகிப்போயிருந்தது.

சைமனின் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று மாணவிகள் கேட்பதுண்டு. அடுத்த முறை கூட்டத்தில் யாராவது எழுந்து தன் பிரச்சினையைச் சொன்னால், அதை எந்தப் பட்டியலில் எத்தனையாவதாக வைப்பது என்று யோசிக்காதீர்கள் என்பேன். அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். டெல்மாஸ் கூண்டில் 21 பேர் அதைத்தான் கடைசியில் கற்றுக்கொண்டார்கள். ஜோகன்னஸ்பர்க் சாலையில் படுத்துக் கிடந்த பெண்கள் கேட்டதும் அதுதான். அவர்கள் கேட்டது ஒரு நிமிடம் மட்டும்.